போர்வீரர்களுக்கு மாத்திரை: பெர்விட்டின் கதை

இரண்டாம் உலகப் போரில் ராணுவமே வீரர்களுக்குப் போதை மாத்திரை கொடுத்ததா? ஆமாம், கொடுத்தது. ஜெர்மனியில் அதன் பெயர் பெர்விட்டின். உள்ளே இருந்தது மெத்தாம்பெட்டமின், இன்று கையில் வைத்திருந்தாலே சிறைக்கு அனுப்பும் அதே சரக்கு. பெர்லினின் டெம்லர் நிறுவனம் 1938இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்க முடிந்தது.

வீரர்களைக் கிறங்க வைப்பதல்ல, விழித்திருக்க வைப்பதுதான் நோக்கம். பிரான்ஸைத் தாக்கிய டாங்கிப் படை இரவு பகலாக ஓட வேண்டியிருந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும், பெர்விட்டினும் அதே வகை ஐசோபானும் சேர்த்து 3.5 கோடி மாத்திரைகள் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போயின.

மாத்திரை புதிதாகத் தெம்பு எதையும் தருவதில்லை. மூளையில் கிளர்ச்சியைத் தூண்டி, களைப்பு தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். கந்துவட்டிக் கடன் மாதிரி: இன்றைக்குக் கை நிறையப் பணம், அப்புறம் வட்டியோடு திருப்பிக் கட்டியே தீர வேண்டும். சோர்வு, மனக்குழப்பம், அடிமைத்தனம் எல்லாம் அந்த வட்டி. 1941இல் ஜெர்மனியே அதை, போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஓபியச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் போர்முனையில் புழக்கம் நிற்கவில்லை. தலைவரும் விலக்கல்ல, ஹிட்லருக்கு ஓபியம் வகை ஊசி போட்டது அவருடைய மருத்துவர் மொரெல்லின் குறிப்புகளிலேயே இருக்கிறது.

இது நாஜிகள் மட்டும் செய்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் வீரர்களுக்கு பென்செட்ரின் என்ற, இதே குடும்பத்து ஊக்க மாத்திரையைக் கொடுத்தன, ஜப்பானும் பெர்விட்டினில் இருந்த அதே மருந்தைப் பயன்படுத்தியது.