செல்லோடு செல் கலப்பது எப்படி?

கேள்வி: ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு என்றுதானே படித்தோம்? தசை இழையில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருப்பது ஏன்? செல் பிரியாமல் உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போகிறதா?

பதில்: அப்படி நடப்பது பழ ஈயின் தொடக்கக் கருவில், அங்கே 13 முறை உட்கரு மட்டும் பிரிகிறது. எலும்புத் தசை உருவாகும் விதமே வேறு. மயோபிளாஸ்ட் எனப்படும் முன்னோடிச் செல்கள் பிரிவதை நிறுத்தி, ஒன்றையொன்று ஒட்டி, இடைச் சவ்வு போய் ஒரே இழையாகின்றன. இழைக்குள் வந்த உட்கரு மறுபடி பிரியாது. எண்ணிக்கை கூட வேண்டுமானால் வெளியிலிருந்து புதுச் செல்தான் வந்து சேர வேண்டும்.

ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது. சவ்வின் மேற்பரப்பைப் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் இரண்டு சவ்வுகளையும் நெருங்க விடாது. ஒவ்வொரு சவ்வும் இரண்டு அடுக்கு கொண்டது; தடையை மீறி நெருங்கியபின் முதலில் வெளி அடுக்குகள் மட்டும் கலக்கும். உள் அடுக்குகளும் கலந்தால்தான் துளை திறக்கும். முதுகெலும்பிகளில் முதல் கட்டத்துக்கு மயோமேக்கர் என்ற புரதம் (2013இல் கண்டறியப்பட்டது), துளை திறக்க மயோமெர்ஜர் என்ற புரதம் (2017). பின்னதை மயோமிக்சர், மினியன் என்றும் எழுதுவார்கள்; மூன்று பெயரும் ஒரே புரதத்துக்குத்தான். மயோமேக்கர் இல்லாத சுண்டெலிக் கருவில் தசைச் செல்கள் உருவாகின்றன, தசைப் புரதங்களையும் தயாரிக்கின்றன. ஆனால் ஒற்றை ஒற்றையாகவே நின்றுவிடும், குட்டி பிழைக்காது. மனிதரில் மயோமேக்கருக்கான மரபணு ஓரளவு பழுதானால் வருவது கேரி-ஃபைன்மேன்-சிட்டர் நோய்: பிறவியிலேயே தசைத் தளர்ச்சி, முகத் தசைகளில் பலவீனம்.

கேள்வி: இதயத் தசையும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அங்கே செல்கள் தனித்தனி, இடைத்தட்டுகள் எனப்படும் இணைப்புகளால் பிணைந்திருக்கும்.

கேள்வி: நஞ்சுக்கொடி உருவாக வைரஸ் மரபணு உதவுகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். தாயின் ரத்தம் படும் நஞ்சுக்கொடியின் வெளியடுக்கு, செல் இடைவெளியே இல்லாத ஒரே படலம். அடியிலுள்ள செல்கள் தொடர்ந்து இணைந்து அதை வளர்க்கின்றன. இணைக்கும் புரதம் சின்சிட்டின்-1. நம் மூதாதைகளின் மரபணுத் தொகுதிக்குள் எப்போதோ நுழைந்த ரெட்ரோவைரஸின் உறைப் புரதம் அது. வைரஸ் செல்லுக்குள் புகப் பயன்படுத்திய அதே கருவி. சுண்டெலியிடம் இருப்பது வேறொரு வைரஸிலிருந்து வந்த சின்சிட்டின்-ஏ. அதை நீக்கினால் கரு பாதிக் கர்ப்பத்திலேயே இறக்கிறது.

கேள்வி: எந்தச் செல்லும் எதனுடனும் கலந்துவிடாமல் தடுப்பது எது?

பதில்: இணைப்புப் புரதம் எங்கே, எப்போது உருவாகிறது என்பதுதான் கட்டுப்பாடு. சி. எலிகன்ஸ் புழுவில் இஎஃப்எஃப்-1 என்ற புரதம் இரு சவ்விலும் இருந்தால்தான் இணைவு நடக்கும். இல்லாவிட்டால் தோல் செல்கள் இணையாமல் உடல் கோணலாகும், புழு உயிர் வாழும். கருவில் கண்ட இடத்திலெல்லாம் அதை உற்பத்தி செய்ய வைத்தாலோ, சேரக்கூடாத செல்கள் சேர்ந்து வளர்ச்சியே நின்றுபோகிறது.