கிழங்கு முன்னே, முட்டை பின்னே: உருளைக்கிழங்கு ஃப்ரிட்டாட்டா பற்றிய வாசகர் கேள்விகள்

இத்தாலிய வீடுகளில் சமைக்கப்படும் ஃப்ரிட்டாட்டா என்ற தடித்த முட்டை அடையை உருளைக்கிழங்கும் இலைகளும் சேர்த்து ஓவனில் சுடுவது பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பதில்கள் அனைத்தும் ஒரே அளவை அடிப்படையாகக் கொண்டவை: 6 முட்டை, 400 கிராம் கிழங்கு, 100 மில்லிலீற்றர் பால், ஒரு கைப்பிடி நறுக்கிய இலை, 22 சென்ரிமீற்றர் அகலமான தட்டு, 180 பாகை செல்சியஸ் வெப்பம், 20 முதல் 25 நிமிடங்கள்.

கேள்வி: முட்டை நன்றாக வெந்துவிடுகிறது, ஆனால் கிழங்கு நடுவில் நறுக்கென்று இருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் ஓவனில் விட்டால் முட்டை காய்ந்துபோகிறது. என்ன செய்வது? (வாசகி, நுவரெலியா)

பதில்: முட்டைக்கும் கிழங்குக்கும் தேவைப்படும் வெப்பம் வேறு வேறு. பால் கலந்து அடித்த முட்டை ஏறத்தாழ 75 பாகையில் இறுகிவிடும். கிழங்கின் சதையைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கோ அதைவிடக் கூடிய வெப்பமும் நேரமும் வேண்டும். ஆகவே, அரைவேக்காட்டுக் கிழங்கு முட்டைக் கலவைக்குள் கிடந்து வெந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது முழுமையாக வெந்த பின்னரே தட்டுக்குள் போக வேண்டும்.

உங்கள் ஊரின் உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையை அண்டியே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தண்ணீர் அதற்குமேல் சூடேறாது. கொழும்பில் எழுதப்பட்ட குறிப்பில் பத்து நிமிடம் என்றிருந்தால், அதை நம்பிக் கிழங்கை இறக்கிவிடாதீர்கள். அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, உப்பிட்ட தண்ணீரில் மூடி போட்டு அவித்து, கத்தி முனை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்து இறக்குங்கள். பிரஷர் குக்கர் உள்ளவர்கள் கிழங்கை முழுதாக அவித்து ஆறிய பின் வெட்டினால் இந்தச் சிக்கலே எழாது. தக்காளியையோ தேசிக்காய்ச் சாற்றையோ கிழங்கு அவியும் தண்ணீரில் சேர்க்க வேண்டாம். புளிப்பு பட்டால் கிழங்கு இளகத் தாமதமாகும்.

கேள்வி: வெட்டியதும் தட்டின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. பால் கூடிவிட்டதா? (வாசகர், ஹட்டன்)

பதில்: பாலைக் குறை சொல்வதற்கு முன் நேரத்தைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி வெந்த முட்டை இறுகிச் சுருங்கி, தன்னுள் இருந்த நீரை வெளியே தள்ளிவிடும். ஓரம் இறுகி, தட்டை மெதுவாக அசைக்கும்போது நடுப்பகுதி மட்டும் இலேசாகத் ததும்பும் நிலையிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும். அவித்த கிழங்கை வடித்த பின் வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் ஆவி போகப் புரட்டுவதும், லீக்ஸ் சேர்ப்பதானால் பட்டரில் வதக்கி ஈரத்தை வற்றவிடுவதும் அவசியம்.

கேள்வி: தைம், ரோஸ்மேரி எல்லாம் எங்கள் பக்கத்துக் கடையில் கிடைப்பதில்லை. (வாசகி, வெலிமடை)

பதில்: கிடைக்காவிட்டால் குறையொன்றும் இல்லை. லீக்ஸின் வெள்ளைத் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பச்சை இலையை வீசிவிட வேண்டாம். அந்த இலையின் இளம் பகுதியை மெல்லியதாக அரிந்து வதக்கிச் சேர்த்தாலே முக்கால்வாசி மணம் வந்துவிடும். அதனுடன் சலரி இலை சிறிதும் கொத்தமல்லி இலையும் போதும். கறிவேப்பிலை முழுதாக இருந்தால் மென்மையான முட்டையில் பல்லில் இடறும். பொடியாக அரிந்து எண்ணெயில் பொரித்துத்தான் சேர்க்க வேண்டும். புதினாவை நான் சேர்ப்பதில்லை. அது கிழங்கின் சுவையை அடக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். மென்மையான இலைகளை முட்டை அடித்து முடிந்த பிறகு, கடைசியாகக் கலந்தால் மணம் நிற்கும்.

கேள்வி: லயத்து வீட்டில் ஓவன் இல்லை. விறகடுப்பில் செய்ய முடியுமா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: முடியும். விறகடுப்பு உள்ளவர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அடிகனமான சட்டியில் எண்ணெய் பூசி, வெந்த கிழங்கை அடுக்கி, முட்டைக் கலவையை ஊற்றி, தட்டையான உலோக மூடியால் மூடுங்கள். எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டு அடியில் சிறிதளவு தணலை மட்டும் வைத்து, மூடியின் மேல் அதைவிடக் கூடுதலாகத் தணலைப் பரப்ப வேண்டும். அக்காலத்தில் வீடுகளில் கேக் சுட்ட முறையும் இதுவே. கால் மணி நேரத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது சாம்பல் உள்ளே விழாதபடி முதலில் மூடியிலுள்ள தணலை வழித்துவிடுவது நல்லது. எரிவாயு அடுப்பில் மேல்சூடு கிடைக்காது. மெல்லிய சுடரில் மூடி வைத்து, மேற்பகுதி ஓரளவு இறுகியதும் ஒரு தட்டின் மேல் கவிழ்த்து, மறுபக்கத்தைச் சட்டியில் நழுவவிட வேண்டும்.

கேள்வி: தோல் பச்சையாகிவிட்ட கிழங்கைப் பயன்படுத்தலாமா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: பச்சை இலேசாகத் தோலோடு நின்றால் ஆழமாகச் சீவி எடுத்துவிடலாம். சதைவரை இறங்கியிருந்தாலோ கைத்தாலோ வீசிவிடுங்கள். அதிலுள்ள சொலனின் என்ற நஞ்சு அவிப்பதாலோ சுடுவதாலோ அழியாது.

கேள்வி: கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவுக்குக் காலையில் கட்டிக் கொடுக்கலாமா? (வாசகர், நானுஓயா)

பதில்: முதல் நாள் மாலையே சுட்டு, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் கட்டிக் கொடுக்கலாம், அப்படி மூன்று நாள்வரை வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் முட்டையும் பாலும் சேர்ந்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. நம் ஊர் குளிர்தானே என்று நினைத்தாலும், வெயில் ஏறிய பிறகு மலைச்சரிவில் கிடக்கும் பையின் உள்ளே அந்தக் குளிர் இருப்பதில்லை. ஆகவே மலையேறியதும் வரும் முதல் தேநீர் வேளைக்குள் அம்மா சாப்பிட்டுவிடட்டும். பகல் சாப்பாட்டுக்கு வழக்கம்போல் றொட்டியையும் சம்பலையும் கொடுத்து அனுப்புங்கள்.