மகள் கல்யாணத்துக்குச் செலவு செய்ததால் உரிமைத் தொகை கிடைக்காதா?

கேள்வி: வியாசர்பாடியில் வாடகை போர்ஷனில் இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். போன வருஷம் நகையை அடகு வைத்து, கடனும் வாங்கி, மகள் கல்யாணத்துக்கு நாலு லட்சம் செலவழித்தோம். மகளிர் உரிமைத் தொகைக்குப் போட்ட மனு, மின் பயன்பாடு அதிகம் என்று தள்ளுபடியாகிவிட்டது. மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்ததால்தான் இப்படி ஆனது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். உண்மையா?

பதில்: இல்லை சகோதரி, அந்த பயமே வேண்டாம். 2023 செப்டம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிகளில் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நிலம், கார், வருஷத்துக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்றுதான் பார்க்கிறார்கள், கல்யாணச் செலவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கடன் வாங்கிய பணம் வருமானமும் ஆகாது.

உங்கள் சிக்கல் மீட்டரில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஈபி பில்லில் இரண்டு மாதத்துக்கு 1,140 யூனிட் என்று இருக்கிறது, ஆனால் அது வீட்டு உரிமையாளர் பெயரில் உள்ள இணைப்பு, மாடியில் ஏசி போடும் அவர் வீடும் பக்கத்து போர்ஷனும் அதே மீட்டரில்தான் ஓடுகின்றன. உங்கள் சப் மீட்டர் கணக்கு நோட்டில் அதே இரண்டு மாதத்துக்கு 176 யூனிட்தான், கீழே உரிமையாளர் கையெழுத்தும் இருக்கிறது. அந்த நோட்டை எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள். விதி சொல்வது 3,600 யூனிட்டுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் குடும்பம் என்று, குடும்பம் என்றால் உங்கள் ரேஷன் அட்டையில் இருப்பவர்கள், மாடி வீட்டுக்காரர் அதில் எப்படி வருவார்? உங்கள் வாதமே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்னவென்றால், தள்ளுபடி குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடுங்கள். ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், ஒரு வருஷத்து ஆறு ஈபி பில், நோட்டின் நகல், கூடவே ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருப்பதாக உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எழுதித் தரத் தயங்குவார், யூனிட்டுக்கு எவ்வளவு வசூலிக்கிறார் என்பது வெளியே வருமே என்று. அப்படியானால் மூன்று சப் மீட்டரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் மறுத்தால், என்ன ஆவணத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் போய்க் கேளுங்கள், போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.