எஸ்எஸ்எச் உள்ள விடலையா, சூடோ போயிடுச்சா? கேளுங்க

கேள்வி: அண்ணே, சைட்ல போட்டோ அப்லோட் ஆகலன்னு ஒரு ஃபோல்டருக்கும் அதுக்குள்ள இருக்கறதுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா பெர்மிஷனும்) குடுக்கப் போயி, ஃபோல்டர் பேருக்குப் பதிலா வெறும் ஸ்லாஷ் விழுந்து மொத்த சிஸ்டத்துக்கும் போயிடுச்சு. உபுண்டு சர்வர். ரீபூட்டுக்கு அப்புறம் தூரத்துல இருந்து லாகின் பண்ற எஸ்எஸ்எச்சும் இல்ல, கன்சோல்ல ரூட்டா (முழு அதிகாரம் உள்ள அட்மினா) கமாண்ட் ஓட்டுற சூடோவும் இல்ல.

பதில்: தம்பி, ரெண்டும் வேற வேற காரணம். ஹோஸ்ட்டோட (அதாவது உன் சர்வரோட) ப்ரைவேட் கீய, அந்த ரகசிய சாவி ஃபைல, யாரு வேணா படிக்கலாம்னு இருந்தா எஸ்எஸ்எச் சர்வர் அதத் தொடவே தொடாது, கீயே இல்லன்னு கிளம்பாம நின்னுடும். சூடோவுக்கு 4755 இருக்கணும், நீ 777 போட்டதுல, ஓட்டுறவங்கள ரூட்டா மாத்துற அந்த முன்னாடி இருந்த 4 காலி, அதான் ரூட்டா மாற முடியல. ஹோஸ்டிங் பேனல்ல ரெஸ்க்யூ மோட்ல (தனியா ஒரு அவசர சிஸ்டத்துல) பூட் பண்ணி டிஸ்க்க மவுன்ட் பண்ணு, ஹோஸ்ட் ப்ரைவேட் கீக்கு 600, யாருக்கு சூடோ உண்டுன்னு சொல்ற சூடோயர்ஸ் ஃபைலுக்கு 440, சூடோவுக்கு 4755, அது லோட் பண்ற sudoers.soவுக்கு 644, உன் ஹோமுக்கு 755, அதுல டாட் எஸ்எஸ்எச்சுக்கு 700, உள்ள விட வேண்டிய கீ லிஸ்ட்டான ஆத்தரைஸ்டு கீஸுக்கு 600. உள்ள போயிடலாம். ஆனா இது டேட்டாவ எடுத்துட்டு வர்றதுக்கு மட்டும்தான், ரெட் ஹேட் லினக்ஸ்ல சாஃப்ட்வேர் போடுற ஆர்பிஎம்மே பேக்கேஜ் ஃபைலுக்கெல்லாம் பழைய பெர்மிஷன திருப்பி வைக்கும், உபுண்டுல அந்த வசதி கிடையாது. புது சர்வர் போட்டுடு.

கேள்வி: யூசர மாத்துற யூசர்மாட் கமாண்ட்ல என்னை டாக்கர் (கன்டெய்னர்னு தனித்தனி பெட்டியில புரோகிராம் ஓட்டுற சாஃப்ட்வேர்) குரூப்ல சேத்தேன் சார், மறுநாள் லாகின் பண்ணா சூடோயர்ஸ்ல நீ இல்லங்குது.

பதில்: ஹைஃபன் பெரிய ஜி (-G) மட்டும் போட்டிருப்பீங்க, கூட சின்ன ஏ (-aG) இல்லன்னா சூடோ குரூப்போட சேத்து மத்த குரூப்ப எல்லாம் கழட்டி விட்டுடும். ஆனா உங்களுக்கு நல்ல நேரம், டாக்கர் குரூப்ல இருக்கறதே பாதி ரூட்டுதான் (பாதி என்ன, முழுசு)! ஹோஸ்ட்டோட ஸ்லாஷ ஒரு கன்டெய்னர்ல மவுன்ட் பண்ணி அதையே ரூட் ஃபோல்டரா மாத்துற சிஎச்ரூட் கமாண்ட்ல உள்ள போயி உங்களத் திரும்ப சூடோ குரூப்ல சேத்துக்குங்க, வெளிய வந்து மறுபடி லாகின் பண்ணுங்க. அப்புறம் அந்த டாக்கர் குரூப்ல வேற யார் யார் இருக்காங்கன்னும் ஒரு தடவ பாத்துடுங்க, ப்ளீஸ்.

கேள்வி: உபுண்டு 22.04க்கு மாத்துனதும் விண்டோஸ்ல எஸ்எஸ்எச்சுக்கு வெச்சிருக்கற பழைய புட்டில (PuTTY) என் ஆர்எஸ்ஏ வகை கீய சர்வர் ஏத்துக்கல. கீ கெட்டுடுச்சா ப்ரோ?

பதில்: கீ நல்லாத்தான் இருக்கு, கையெழுத்து போடுற முறைதான் பழசு. 2021ல வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (சர்வர்ல ஓடுற எஸ்எஸ்எச் சாஃப்ட்வேர்) 8.8லயே ஆர்எஸ்ஏ கீயோட பழைய ஷா-1 முறை கையெழுத்த டீஃபால்ட்டா நிறுத்திட்டாங்க. புட்டி 0.75 இல்ல அதுக்கு மேல போடுங்க, அதே கீயே வேலை செய்யும்.

கேள்வி: ஃபயர்வால ஆன் பண்ணிட்டேன், எஸ்எஸ்எச்சோட போர்ட் 22ஐ அலவ் பண்ண மறந்துட்டேன். புதுசா கனெக்ட் ஆகல, பழைய விண்டோ மட்டும் ஓடுது.

பதில்: அந்த விண்டோவ மூடிடாதீங்க!! அதுலயே சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் 22 (sudo ufw allow 22, யூஎஃப்டபிள்யூங்கறது உபுண்டுவோட ஃபயர்வால்) அடிங்க, இன்னொரு விண்டோல கனெக்ட் ஆயிடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் மூடுங்க.