ஐயரிடம் கேளுங்கள்: உபவாசமும் ஒன்பது வருஷ வழக்கும்

கேள்வி: என் கணவர் ஒரு ஞாயிறு ஆராதனையும் தவறவிட்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் மத்தியானம் வரை தண்ணீர் மட்டும்தான். கறி, மீன் வீட்டுக்குள் வராது. கோயில் அசன விருந்துக்கு வருஷா வருஷம் இரண்டு மூட்டை அரிசி கொடுப்பார். ஆனால் சொந்தத் தம்பியோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. தம்பி காம்பவுண்டு சுவரை இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று இவர் போட்ட கேஸ் இன்னும் நடக்கிறது. உபவாச நாளில்தான் எங்கள் மேல் அதிகமாக எரிந்து விழுகிறார். காலேஜில் படிக்கும் மகன், "இதுக்கு எதுக்கு கோயில்?" என்று கேட்டு, வருவதையே நிறுத்திவிட்டான். அவனுக்கு என்ன சொல்ல?
(பெயர் வேண்டாம், சாத்தான்குளம்)

பதில்: மகனோடு வாதாட வேண்டாம் அம்மா. அவன் கேட்டது வேதாகமத்தில் ஏசாயா கேட்ட கேள்விதான். 58-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "வழக்குக்கும் வாதுக்கும்" உபவாசிக்கிறீர்கள் என்று தீர்க்கதரிசி திட்டுகிறார். உங்கள் வீட்டுக் கேஸ் நம்பர் மட்டும்தான் அதில் இல்லை.

எரிந்து விழுவது பாதி பசியின் வேலை, அதை விடுங்கள். (அவருக்குச் சுகர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க விடாதீர்கள்.)

மகன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அப்பா மாறவில்லை என்பதற்காகச் சடங்கைக் குறை சொல்கிறான். அந்தச் சடங்கில் என்ன வாசிக்கிறார்கள் என்று அப்பாவும் காது கொடுக்கவில்லை, மகனும் கொடுக்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு யாரை அழைக்கிறோம்? பாவத்துக்காக மனஸ்தாபப்பட்டு, அயலாரோடு அன்பாயிருந்து, இனிப் புது வாழ்க்கை நடத்தத் தீர்மானித்தவர்களை. 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெப புத்தகம் இன்னும் கறாரானது. இரண்டு பேருக்குள் பகை இருப்பது குருவானவருக்குத் தெரிந்தால், ஒப்புரவாகும் வரை அவர்களைப் பந்தியில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஒருவர் மன்னிக்கத் தயாராகி மற்றவர் முரண்டு பிடித்தால், தயாரானவரை மட்டும் சேர்க்கலாமாம். இதை நம் ஊரில் நடத்தினால் பண்டிகை ஆராதனையில் பாதிப் பேர் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியாது.

ஒரு காலத்தில் நானும் எழுந்திருக்க முடியாதவன்தான். 1987-ல் ஒரு கிராமச் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) குருவானவராக இருந்தேன். ஊரில் ஆறு பனை மரம், ஒரு கிணற்றுப் பங்கு, இதற்காக அண்ணனோடு மூன்று வருஷம் பேச்சு இல்லை. அந்த மூன்று வருஷமும் மாதம் தவறாமல் திருவிருந்து நடத்தினேன். அயலாரோடு அன்பாயிருக்கிறவர்கள் வரலாம் என்று நானே, நல்ல குரலில், வாசித்தேன். ஒரு ஞாயிறு அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடிக்கிற பெரியவர், "ஐயரே, உங்க அண்ணாச்சி சுகமா இருக்காகளா?" என்றார். குத்திக் கேட்டாரா, சும்மா கேட்டாரா, இன்று வரை தெரியாது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

கட்டிப்பிடித்து அழுததாக நினைக்காதீர்கள். அண்ணன் உட்காரக்கூடச் சொல்லவில்லை. மதினிதான் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்கள். "கிணற்றுப் பங்கை நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன். அண்ணன் காப்பியைக் குடி என்றார், அவ்வளவுதான். கோடையில் அந்தக் கிணற்றை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வலிக்கும்.

மத்தேயு 5:23-ஐ உங்கள் கணவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அதில் உனக்கு உன் சகோதரன் மேல் குறை இருந்தால் என்று இல்லை. உன் சகோதரனுக்கு உன் மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. சுவர் விஷயத்தில் நியாயம் உங்கள் கணவர் பக்கமே இருக்கலாம். அப்போதும் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் ஒப்புரவாகப் போக வேண்டியவர் அவர்தான். அசனத்தில் தம்பி எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்று பார்த்துவிட்டு இவர் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார், சரியா? இந்த வருஷம் நீங்கள் முதலில் போய் அந்த வீட்டு ஓர்ப்படியாள் பக்கத்தில் உட்காருங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். சாப்பாடு என்றால் வருவான்.

கேள்வி: நீ ரட்சிக்கப்பட்ட தேதி என்ன என்று ஜெபக்கூட்டத்தில் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனந்திரும்புதல் ஒரே நாளில் நடக்குமா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரர் சகேயுவுக்கு ஒரே நாளில் நடந்தது, அன்றைக்கே ஏமாற்றி வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கும் சொல்லிவிட்டார். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனுக்குத் தேதி இருந்தது: 1748 மார்ச், நடுக்கடலில் புயல். ஆனால் அதற்கப்புறம்தான் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனானார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஜெபம் வாசிப்பார், கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். 1754-ல் கடலை விட்டதும் உடம்பு கெட்டதால்தான், மனசாட்சியால் அல்ல. 1764-ல் குருவானவர். அந்த வியாபாரத்தில் தனக்கிருந்த பங்கை வெட்கத்தோடு அச்சில் எழுதியது 1788-ல். புயலுக்கும் அதற்கும் நடுவே 40 வருஷம். தேதி கேட்பவர்களிடம், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: லெந்து 40 நாள் என்கிறார்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வருகிறதே?
(ஒரு மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: நடுவில் வரும் ஆறு ஞாயிறைக் கழித்துவிடுங்கள். ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்று உபவாசம் கிடையாது. கோழிக் குழம்பு பற்றிக் கேட்கத்தான் இத்தனை சுற்று என்றால், அதற்கு என் அனுமதி வேண்டாம், அம்மாவைக் கேளுங்கள்.