ட்வைன் கேம் போகப் போக மெதுவாகுது, சேவும் ஆகலை: பதில்

ப்ரோ, ட்வைன்ல (கிளைக்கதை கேம் எழுதுற கருவி) நீங்க செய்யுற காசிமேடு கேம் 900 பாசேஜ் (கதையோட ஒவ்வொரு பக்கமும் ஒரு பாசேஜ்) தாண்டினதும் போன்ல திணறுது, சேவ் ஆகலைன்னு கேட்டிருக்கீங்க. பாசேஜ் எண்ணிக்கை மேல பழி போடாதீங்க. ஏலக்கூடத்து மீன் பட்டியல் மொத்தத்தையும் டாலர் மாறியில ($ குறியில தொடங்குற, கேம் நினைவுல வெச்சுக்கிற மாறி) வெச்சிருக்கீங்களே, அதான் வினை. சுகர்கியூப் (உங்க ட்வைன் கேமை ஓட்டுற ஸ்டோரி ஃபார்மட்) ஒவ்வொரு பாசேஜுக்கும் டாலர் மாறி அத்தனையையும் நகலெடுத்து, பின்னாடி போறதுக்கான ஹிஸ்டரியில அடுக்கும்.

வஞ்சிரம், சங்கரான்னு மாறாத விவரத்தை எல்லாம் ஸ்டோரிஇனிட்ல (கேம் தொடங்கும்போதே ஓடுற பாசேஜ்) செட்டப் ஆப்ஜெக்டுக்கு (ஹிஸ்டரியில நகலாகாத இடம்) மாத்துங்க. கூடையில இருக்கிற மீனோட பேரும் எடையும் மட்டும் டாலர்ல போதும். லூப் எண்ணிக்கைக்கு அண்டர்ஸ்கோர் மாறி (_ குறியில தொடங்குற தற்காலிக மாறி) போதும், அது ஹிஸ்டரியில சேராது.

அப்புறம் ஸ்டோரி ஜாவாஸ்கிரிப்ட்ல கான்ஃபிக்.ஹிஸ்டரி.மேக்ஸ்ஸ்டேட்ஸ் (Config.history.maxStates) = 1னு போடுங்க, ஹிஸ்டரியில ஒரே ஒரு நிலைதான் தங்கும். பின்னாடி போற பட்டன் போயிடும், போகட்டும். சேவ் ஆகாததுக்கும் இதே மூட்டைதான் காரணம்: சேவ் போய் உட்கார்ற லோக்கல் ஸ்டோரேஜ் (பிரவுசருக்குள்ள இருக்கிற சேமிப்பிடம்) சுமார் 5 எம்பிதான் தரும். பழைய சேவ் ஒண்ணைத் திறந்தா பழைய பட்டியலும் கூடவே வரும். புது ஆட்டத்துல சோதிச்சுப் பாருங்க.