ஷீனா ரிங்கோவும் அவருடைய குழுவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியப் பாடகி ஷீனா ரிங்கோவைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவருடைய ஆரம்பகாலத் தனி ஆல்பங்களைத் தேடிக் கேட்டு வியந்துபோனேன். ஆனால் 2004-இல் அவர் டோக்கியோ ஜிஹென் என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கியது ஏன் என்று விளங்கவில்லை. பாடுபவர் அவர்தான், படங்களில் நடுவில் நிற்பவரும் அவர்தான். பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒரு பெயர் சூட்டியதைத் தவிர என்ன மாறிவிட்டது? குழுவின் மூன்றாவது ஆல்பத்திலோ அவரையே காணவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகத்திற்கு நியாயம் உண்டு. 2003-இல் ஷீனா ரிங்கோ மேற்கொண்ட கச்சேரிப் பயணத்தில் அவருக்கு வாசித்தவர்களிலிருந்துதான் இந்தக் குழு உருவானது. பேஸ் கிதார் வாசித்த கமேடா செய்ஜி, அவருடைய முதல் இரண்டு தனி ஆல்பங்களுக்கு இசை ஒழுங்கமைப்புச் செய்தவர். ஆகவே பழைய கூட்டம் புதிய பலகையை மாட்டிக்கொண்டது என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் பாடல்களுக்கு மெட்டமைத்தவர் யார் என்று பார்த்தால் கதை வேறாகிறது. 2004 செப்டம்பரில் வெளிவந்த குழுவின் முதல் சிங்கிளான 'குன்ஜோ பியோரி'க்கு வரிகள் மட்டுமே ரிங்கோவுடையவை. மெட்டு, கீபோர்டு வாசித்த எச் செட் எம் அமைத்தது. தன் பாடலைத் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுபவர் என்பதே ஒருவருடைய புகழுக்கு அடித்தளமாக இருக்கும்போது, புதிய முயற்சியின் முதல் அறிமுகத்திலேயே இன்னொருவரின் மெட்டை முன்னால் வைப்பது சாதாரண முடிவல்ல. பக்கவாத்தியக்காரருக்கு யாரும் அந்த இடத்தைத் தருவதில்லை.

ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு என் ஊகம், 2003-இல் வந்த அவருடைய மூன்றாவது தனி ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் பாடல் தலைப்புகள் நடுப்பாடலை மையமாக வைத்து இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. மொத்த நீளம் சரியாக 44 நிமிடம் 44 விநாடி. தலைப்பு, கால அளவு, ஒலி எல்லாவற்றையும் ஒரே மனம் பிடித்து நிறுத்தியிருக்கும் அந்தப் படைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதே வழியில் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க இடமிருந்ததாகத் தோன்றவில்லை. அவருடைய இரண்டாவது தனி ஆல்பம் 2000-இல் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. குழுவின் எந்த ஆல்பமும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. விற்பனைக் கணக்கைப் பார்த்து எடுத்த முடிவாக இது இருக்க முடியாது. அவர் ஃபுகுவோகாவில் பள்ளிக்காலத்திலேயே இசைக்குழுக்களில் பாடியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2005-இல் எச் செட் எம்மும் கிதார் வாசித்த ஹிராமா மிகியோவும் விலகி, கீபோர்டுக்கு இசாவா இச்சியோவும் கிதாருக்கு உகிகுமோவும் வந்தார்கள். டிரம்ஸில் ஹாதா தோஷிகி தொடர்ந்தார். வெறும் பக்கவாத்தியக் கூட்டமாக இருந்திருந்தால் ஆள் மாறினாலும் பாடகியின் இசை அப்படியே இருந்திருக்கும். இங்கோ ஒலியே மாறிவிட்டது. 'கல்வி' என்று பொருள்படும் தலைப்புடைய முதல் ஆல்பம் முரட்டுத்தனமானது, எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பது. 2006 ஜனவரியில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஜாஸின் நெகிழ்வு இறங்கியிருக்கிறது. உகிகுமோவின் கிதார் முன்னால் வந்து நிற்காமல் இசாவாவின் பியானோவுக்கு இடம்விட்டு ஒதுங்கி, எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது. குழுவின் ஆல்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் மூன்றாவது ஆல்பம் 2007-இல் வந்தது. அதன் மெட்டுகளை அமைத்தவர்கள் குழுவின் மற்ற உறுப்பினர்கள். நீங்கள் அவரைக் காணவில்லை என்று சொல்வது மெட்டைப் பொறுத்தவரை உண்மை. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஆல்பம் அது என்பதையும் நான் மறுக்கவில்லை. நடுவே இரண்டு மூன்று பாடல்களைத் தாண்டிவிட்டுத்தான் நானும் கேட்பேன். ஆனால் குரலைக் கவனியுங்கள். தனக்கு வசதியான ஏற்றத்தையும் கீறலையும் மனத்தில் வைத்துத் தானே மெட்டமைத்துக்கொண்ட பாடகி, இன்னொருவர் போட்ட பாதையில் நடக்க வேண்டியிருக்கும்போது அந்தப் பழகிய கீறலை நம்பியிருக்க முடியாது. 'கில்லர் டியூன்' என்ற பாடலில் இசாவாவின் மெட்டைப் பாடும் குரலில் ஒரு துள்ளல் இருக்கிறது. ஆரம்பகாலத் தனி ஆல்பங்களில் அதை நான் கேட்டதில்லை.

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பொதுமக்கள் கண்ணில் இது ஒருபோதும் ஐவர் சமமாக இருந்த குழுவாகவில்லை. முகம் அவருடையதாகவே இருந்தது. அவரும் 2009-இல், குழு இயங்கிக்கொண்டிருக்கும்போதே, தனி ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். இரண்டும் அவருக்கு வெவ்வேறு தேவைகளாக இருந்தன என்பதற்கு அதையே சான்றாகக் கொள்கிறேன். 2012-இல் கலைவதற்கு முன் வந்த குறும் ஆல்பத்தில் ஐந்து பாடல்கள், ஐவரும் ஆளுக்கு ஒன்றாக மெட்டமைத்தவை. அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று புடோக்கான் அரங்கில் விடைபெற்றவர்கள், 2020 புத்தாண்டு நாளில் அதே ஐவராகத் திரும்பினார்கள். ஜப்பானில் எந்த வாத்தியக் கலைஞரையும் அழைக்கக்கூடிய இடத்தில் இருந்தவர், எட்டாண்டுகள் கழித்தும் அதே நால்வரோடு வந்திருக்கிறார்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 'ரிங்கோ நோ உதா' என்ற பாடலை 2003 நவம்பரில் அவர் தனிப் பாடகியாக வெளியிட்டார். மறு ஆண்டு குழுவின் முதல் ஆல்பம் அதே பாடலோடுதான் தொடங்குகிறது, ஆனால் குழு அதைப் புதிதாகப் பதிவுசெய்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், பிறகு இரண்டாவது ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். அதற்குப் பின்னும் மூன்றாவது ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள்.